பெட்டகத்துக் காசுகளும் பிள்ளைகளின் பங்கும்

குடும்பத் தலைவர் ஒருவர் காலமான பின்னர், நாற்பதாம் நாள் கத்தமும் முடிந்து, உற்றார் உறவினர் பாய் விரித்து அமர்ந்து சொத்துக் கணக்குப் பார்ப்பது கிழக்கிலங்கைக் கரையோர ஊர்களில் நெடுங்காலமாக உள்ள வழக்கமாகும். வயற்காணிக்கு உறுதி உண்டு. நெல்லுக்கு மரைக்கால் உண்டு. மாட்டுக்குக் குறி உண்டு. நகைக்குப் பத்தரின் தராசு உண்டு. ஆகவே இவற்றின் பெறுமதியைப் பற்றி எவ்வளவு வாதம் நிகழ்ந்தாலும், மாலைக்குள் ஒரு முடிவுக்கு வந்துவிடலாம். ஆனால் பெட்டகத்தின் அடியிலிருந்து ஒரு துணிப்பை வெளிவருகின்றது. அதனை அவிழ்த்துப் பாயிற் கொட்டினால், கறுத்த செப்புக் காசுகளும், வளைந்த வெள்ளிக் கம்பிகளும், இரண்டொரு பவுண் காசுகளும் சிதறுகின்றன. இவற்றைச் சேர்த்து வைத்தவருக்கு ஒவ்வொன்றின் வரலாறும் தெரிந்திருந்தது. அவரோ இப்பொழுது இல்லை. எஞ்சியிருப்போருள் எவருக்கும் அவற்றின் பெறுமதி தெரியாது. அவ்வேளையில் அங்கே எழும் வினா ஒன்றுதான்: இவை எவ்வளவு பெறும்?

இவ்வினா சிறிய வினாவாகத் தோன்றலாம். ஆயினும், இதற்குக் கூறப்படும் தவறான விடையினால் விதவையின் பங்கு குறைந்துபோகலாம். வயது வராத பிள்ளைகளின் உரிமை பறிபோகலாம். நாட்டின் வரலாற்றுச் சான்றொன்று உருக்குக் குகையிற் கரைந்து மறையலாம். ஆதலால் மரணச் சொத்தாக வரும் பழங்காசுகளை எவ்வாறு மதிப்பிடுவது, எவ்வாறு விற்பது என்பதைச் சற்று விரிவாக ஆராய்தல் பயனுடையதாகும்.

முதலில், இத்தகைய பையொன்றில் என்னென்ன இருக்கக்கூடும் என்பதைப் பார்ப்போம். மாவடிப்பள்ளி, சம்மாந்துறை, கல்முனை முதலிய ஊர்கள் ஒரு புறம் வயலையும் மறுபுறம் கடலையும் எல்லையாகக் கொண்ட பகுதியிலுள்ளவை. கடல் வழியாக வாணிகரின் பணமும், உள்நாட்டு வழியாக அரசரின் பணமும் இப்பகுதியிற் புழங்கின. வயல் உழும்போதும் கிணறு தோண்டும்போதும் பழங்காசு அகப்படுவது இந்நாட்டிற் புதுமையன்று.

தூண்டில் முள்ளைப்போல வளைந்த வெள்ளிக் கம்பி லாரின் எனப்படும். பாரசீகத்திலுள்ள லார் என்னும் நகரின் பெயரே அதற்கு வழங்கிற்று. பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளிற் பாரசீக வளைகுடா முதல் இலங்கை வரை முஸ்லிம் வாணிகர் கைகளில் அது உலவியது. பீஜப்பூர்ச் சுல்தான்களும் அதனை வெளியிட்டனர். கண்டி இராச்சியத்திலும் அதே வடிவில் வெள்ளிப் பணம் செய்யப்பட்டது. அதன் வெள்ளி நல்ல வெள்ளியாதலால், கண்ட இடத்திலெல்லாம் அதனை உருக்கி நகையாக்கியோர் பலர்.

ஒரு புறம் நின்ற மனிதவுருவும் மறுபுறம் அமர்ந்த உருவும் உடைய செப்புக் காசுகள், சோழர் காசை முன்மாதிரியாகக் கொண்டு பொலன்னறுவைக் கால மன்னர்கள் வெளியிட்டவை. கிடந்த எருதின் உருவமும் ‘சேது’ என்னும் தமிழ்ச் சொல்லும் பொறித்த காசுகள் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளுடையவை. ஒல்லாந்தக் கம்பனியின் முத்திரையைத் தாங்கிய சிறு செப்புக் காசிலிருந்தே ‘துட்டு’ என்னும் சொல் தமிழுக்கு வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தர் கொழும்பு, காலி, யாழ்ப்பாணம், திருகோணமலை ஆகிய இடங்களிலே ஸ்டைவர் என்னும் காசை அடித்தனர். அவ்வவ்விடத்தைக் குறிக்கும் ஓர் எழுத்து அக்காசிலே காணப்படும். அதன்பின் வந்த ஆங்கிலேயர், 1801ஆம் ஆண்டு தொடங்கி யானை உருவம் பொறித்த காசுகளை வெளியிட்டனர். 1870ஆம் ஆண்டைத் தாங்கிய செப்புச் சதங்களிலே விக்டோரியா அரசியின் தலையும் பனையின மரமொன்றின் உருவமும் உள்ளன.

இவற்றையெல்லாம் ஆராய்ந்து எழுதிய நூல்கள் நம் நாட்டில் உள்ளன. கொட்றிங்டன் என்னும் அறிஞர் இலங்கை நாணயங்களைப் பற்றி எழுதிய பெருநூலைக் கொழும்பு நூதனசாலை 1924ஆம் ஆண்டு வெளியிட்டது. ஆங்கிலேயர் காலக் காசுகளைப் பற்றி பி. டபிள்யூ. பெர்னாண்டோ எழுதிய நூல் 1939இல் வெளிவந்தது. பழங்காசுகளை மதிப்பிட முற்படுவோர் முதலில் நாட வேண்டியவை இத்தகைய நூல்களே.

காசு இன்னதென்று தெரிந்த பின்னர் அதன் விலை எவ்வாறு அமைகின்றது? பொதுமக்கள் உள்ளத்திலே இரண்டு எண்ணங்கள் ஊன்றியிருக்கின்றன. பழையதாக இருந்தால் விலை கூடும் என்பது ஒன்று. பொன்னாக இருந்தால் விலை கூடும் என்பது மற்றொன்று. இரண்டும் அரை உண்மைகளே.

பழமையை எடுத்துக்கொள்வோம். நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த உரோமச் செப்புக் காசுகள் இலங்கையில் ஆயிரக்கணக்கிற் கிடைத்துள்ளன. ஆயிரத்தைந்நூறு ஆண்டு கடந்தவையாயினும், தேய்ந்துபோன ஒரு காசு பெரும் விலை பெறுவதில்லை. பொலன்னறுவைக் காலச் செப்புக் காசுகளின் நிலையும் பெரும்பாலும் அத்தகையதே. ஏராளமாகக் கிடைப்பதற்கு வயது எத்துணையாயினும் விலை ஏறாது. அடித்த தொகை எவ்வளவு என்பதினும், இன்று எஞ்சியிருப்பது எவ்வளவு என்பதே விலையைத் தீர்மானிக்கும்.

பொன்னுக்கு வருவோம். ஆங்கிலேயரின் பவுண் காசு ஏறத்தாழ எட்டுக் கிராம் நிறையுள்ள இருபத்திரண்டு கரற் பொன். நம் நாட்டிலே பொன்னை நிறுக்கும் அளவுக்கே ‘பவுண்’ என்னும் பெயர் வழங்கும் அளவுக்கு அது மக்களோடு கலந்துவிட்டது. பத்தரின் தராசில் எல்லாப் பவுணும் ஒரே நிறைதான். ஆனால் நாணயம் அறிந்தவர் அதனைத் தராசில் இடுவதற்கு முன்னர் உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழே வைப்பார். ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் காலத்துப் பவுணில், குதிரைமீது அமர்ந்த வீரனின் காலடியில் உள்ள நிலக்கோட்டில், ஆண்டு எண்ணுக்குச் சற்று மேலே, ஒரு நுண்ணிய எழுத்து இருக்கக்கூடும். அது சிட்னி, மெல்பேண், பேர்த், ஒட்டாவா முதலிய நகரங்களுள் எங்கே அக்காசு அடிக்கப்பட்டது என்பதைக் காட்டும். 1918ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் பம்பாயிலும் பவுண் அடிக்கப்பட்டது. எழுத்தே இல்லாவிடின் அது இலண்டனில் அடித்த காசு. 1917ஆம் ஆண்டிலே சிட்னியில் அடித்த பவுண் எளிதிற் கிடைப்பது. ஆகவே பொன் விலையையொட்டியே அதன் விலையும் அமையும். அதே ஆண்டில் இலண்டனில் அடித்த பவுணோ மிக அரிது. பொன் விலையைப் போலப் பன்மடங்கு பெறுவது. அதனால் அதற்குப் போலிகளும் மிகுதி. கடுகினும் சிறிய ஓர் எழுத்து இருப்பதும் இல்லாததும் இத்துணை வேறுபாட்டை விளைவிக்கின்றன. கழுத்திலே தொங்கவிடுவதற்காகக் கொக்கி ஒட்டிய பவுணோ, எத்துணை அரிதாயினும், சேகரிப்போர் தரும் விலையிற் பெரும்பகுதியை இழந்துவிடும்.

அருமைக்கு அடுத்தபடி நிலைமை கவனிக்கப்படும். காசு புத்தம் புதியதா, கைபட்டுத் தேய்ந்ததா, கீறல் உண்டா என்பதை நோக்கி அதற்குத் தரம் வகுப்பர். அமெரிக்கரான ஷெல்டன் என்பார் 1949ஆம் ஆண்டிலே ஒன்று முதல் எழுபது வரையான ஓர் அளவுகோலை வகுத்தார். இன்று உலகெங்கும் அதுவே பெரிதும் வழங்குகின்றது. ஒரே ஆண்டில், ஒரே அச்சில் அடித்த இரு காசுகளுள் ஒன்று மற்றதினும் நூறு மடங்கு விலை பெறுதற்குக் காரணம் இத்தர வேறுபாடே. இதனை அறியாதோர் செய்யும் பெரும் பிழை ஒன்றுண்டு. விற்பதற்கு முன்னர் காசு பளபளப்பாக இருக்க வேண்டுமெனக் கருதிப் பழப்புளியும் சாம்பலும் இட்டு அதனைத் துலக்கிவிடுவர். நூறாண்டுகளாகப் படிந்த இயற்கை நிறம் ஒரு நாழிகையில் நீங்கிவிடும். அதனோடு விலையும் நீங்கிவிடும். துலக்கிய காசை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவர எவராலும் இயலாது.

இறுதியாக, வேட்போர் எத்தனை பேர் என்பதும் விலையைப் பாதிக்கும். ஒருவர் மட்டும் விரும்பினால் அவர் கூறியதே விலை. இருவர் விரும்பினால் விலை ஏறும். அந்த இருவரையும் ஒரே இடத்துக்கு அழைத்துவரும் ஏற்பாடே ஏலம். ஆனால் ஏலத்திலும் அறிவும் அவகாசமும் இல்லாவிடின் என்ன நிகழும் என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. அதனை அறிய எகிப்து நாட்டுக்குச் செல்ல வேண்டும்.

எகிப்தின் மன்னர் பாரூக் 1952ஆம் ஆண்டு யூலை மாதம் இராணுவ அதிகாரிகளின் புரட்சியினால் முடியிழந்து நாட்டைவிட்டு வெளியேறினார். அவர் விட்டுச்சென்ற அரண்மனைகளில் முத்திரைகள், கடிகாரங்கள், அணிகலன்கள் என எண்ணிறந்த சேகரிப்புகள் இருந்தன. அவற்றுள்ளே தலைசிறந்தது நாணயத் தொகுதி. பொற்காசுகளும் பதக்கங்களும் மட்டுமே ஏறத்தாழ 8,500 இருந்தன. புதிய அரசு அவற்றை ஏலத்தில் விற்கத் தீர்மானித்து, 1744இல் நிறுவப்பட்ட இலண்டன் ஏல நிறுவனமாகிய சதபீஸ் நிறுவனத்திடம் அப்பணியை ஒப்படைத்தது. 1954ஆம் ஆண்டின் முற்பகுதியிலே கெய்ரோ நகரின் கூபே அரண்மனையில் ஏலம் நிகழ்ந்தது.

இத்துணைப் பெருந்தொகுதியைக் காசு காசாக ஆராய்ந்து விவரிக்கப் போதிய அவகாசம் கிடைக்கவில்லை. ஆதலால் பல காசுகளை ஒன்றாகக் கட்டித் தொகுதி தொகுதியாக ஏலத்தில் விட்டனர். விவரப் பட்டியலிலே பல அருங்காசுகளுக்கு ஓரிரு சொற்களே கிடைத்தன. சாதாரணக் காசுகளிடையே, உலகில் ஒன்றிரண்டே எஞ்சியுள்ள காசுகளும் கலந்து கிடந்தன. மன்னர் கொடுத்த விலையையும் அவற்றின் உண்மைப் பெறுமதியையும் அறிந்து, ‘இது இன்னது’ என்று எடுத்துக் கூற உரிமையாளர் பக்கத்தில் எவரும் இல்லை.

ஏலம் கேட்க வந்தோருள் ஜோன் ஜே பிற்மன் என்னும் அமெரிக்கர் ஒருவர். அவர் கோடீசுவரர் அல்லர். கொடாக் நிறுவனத்திலே மாதச் சம்பளம் பெற்ற இரசாயனப் பொறியியலாளர். கெய்ரோவுக்கு வருவதற்காகத் தம் வீட்டை ஈடுவைத்துப் பணம் திரட்டியவர். அவரிடம் பணம் குறைவு, அறிவு மிகுதி. ஏலத்துக்கு முன்னர் காசுகளைப் பார்வையிட்டு, எந்தத் தொகுதியில் எந்த அருங்காசு மறைந்துள்ளது என்பதை அவர் கண்டறிந்துகொண்டார். 1833ஆம் ஆண்டின் ஐந்து டொலர்ப் பொற்காசு ஒன்று அங்கே அவர் கைக்கு வந்தது. வழக்கமான காசைப்போலன்றித் தனிச் சிறப்பாகப் பளபளக்க அடிக்கப்பட்ட மாதிரிக் காசு அது. அதற்கு அவர் கொடுத்த விலை ஏறத்தாழ 600 டொலர்.

பிற்மன் 1996ஆம் ஆண்டு காலமானார். இப்பொழுது அவருடைய சேகரிப்பும் மரணச் சொத்தாயிற்று. ஆனால் இங்கே நிகழ்ந்தது வேறு. நாணய அறிஞரான டேவிட் ஏக்கர்ஸ் அத்தொகுதியைப் பொறுப்பேற்றார். 1997, 1998, 1999 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் பகுதி பகுதியாக ஏலம் நடைபெற்றது. ஒவ்வொரு காசுக்கும் தனிப் படம், தனி விவரம், அது யார் யார் கைமாறி வந்தது என்னும் வரலாறு ஆகியன பட்டியலில் இடம்பெற்றன. கெய்ரோவிலே 600 டொலரளவில் வாங்கிய அந்த 1833ஆம் ஆண்டுக் காசு, 1997இல் நான்கரை இலட்சம் டொலருக்கு மேல் விலைபோயிற்று. தொகுதி முழுவதும் மூன்று கோடி டொலருக்கு மேல் ஈட்டிற்று.

நாற்பத்து மூன்று ஆண்டுக் கால இடைவெளியிற் பணத்தின் பெறுமதி குறைந்தது உண்மை. சேகரிப்போர் தொகை பெருகியதும் உண்மை. இவை இரண்டும் விலையேற்றத்தின் ஒரு பகுதிக்குக் காரணமாகும். எனினும் எஞ்சிய பகுதிக்குக் காரணம் அறிவே. அரண்மனைச் சொத்து அறியாதோர் கையில் அவசரமாக விலைபோயிற்று. சம்பளக்காரரின் சொத்து அறிந்தோர் கையில் ஆறுதலாக விலைபோயிற்று. காசு அதே காசுதான்.

கெய்ரோ ஏலம் கற்பிக்கும் இன்னொரு பாடமும் உண்டு. அது விலையைப் பற்றியதன்று, உரிமையைப் பற்றியது. பட்டியலில் 1933ஆம் ஆண்டின் இருபது டொலர்ப் பொற்காசு ஒன்று இருந்தது. அவ்வாண்டிலே அவ்வகைக் காசுகள் 4,45,500 அடிக்கப்பட்டன. ஆனால் அமெரிக்க அரசு பொற்காசுப் புழக்கத்தை நிறுத்திவிட்டமையால் அவை வெளியிடப்படாமலே பின்னர் உருக்கப்பட்டன. சில காசுகள் மட்டும் திருட்டு வழியில் வெளியேறின. அவற்றுள் ஒன்றைப் பாரூக் மன்னர் வாங்கினார். 1944இல் அமெரிக்கத் திறைசேரியே அறியாமையால் அதற்கு ஏற்றுமதி அனுமதியும் வழங்கியது. பின்னர் உண்மை தெரியவந்ததும், 1954 ஏலத்திலிருந்து அதனை நீக்குமாறு அமெரிக்கா வேண்டிற்று. காசு நீக்கப்பட்டது, பின்னர் மறைந்தும் போயிற்று.

1996ஆம் ஆண்டு நியூயோர்க் நகரில் அவ்வகைக் காசு ஒன்றை விற்க வந்த ஆங்கில வணிகர் ஒருவர் கைதுசெய்யப்பட்டார். வழக்கு ஐந்தாண்டு நீடித்து, 2001இல் இணக்கம் ஏற்பட்டது. பாரூக் மன்னருடையது எனக் கருதப்பட்ட அக்காசை விற்று, வரும் பணத்தை வணிகரும் அமெரிக்க அரசும் பாதி பாதியாகப் பகிர்வதென முடிவாயிற்று. 2002 யூலையில் அது 75 இலட்சம் டொலருக்கு மேல் விலைபோயிற்று. 2021 யூனில் மீண்டும் ஏலத்துக்கு வந்து, ஏறத்தாழ 1 கோடியே 89 இலட்சம் டொலர் பெற்றது. முன்னேற்பாடான அந்த அனுமதிப் பத்திரம் இருந்தமையாலேதான் இக்காசு தனியார் உடைமையாக இருக்க இயன்றது. பத்திரம் இல்லாத அதே வகைக் காசுகள் பத்து, பிறிதொரு வழக்கில் அமெரிக்க அரசுக்கே உரியவையெனத் தீர்ப்பாயின. வந்த வழியைக் காட்டும் ஒரு காகிதம், பொன்னினும் பெறுமதி உடையதாயிற்று.

மன்னரின் அரண்மனையிலிருந்து மாவடிப்பள்ளி வீட்டுப் பெட்டகத்துக்கு இனித் திரும்புவோம். இலங்கை முஸ்லிம்களின் மரணச் சொத்து, 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் இறங்குரிமைச் சட்டத்துக்கமைய, அவரவர் பின்பற்றும் மார்க்கச் சட்டப் பிரிவின்படி பங்கிடப்படும். அடக்கச் செலவும் கடனும் முதலில் தீர்க்கப்படும். மனைவிக்குக் கொடுபடாதிருந்த மஹரும் கடனேயாகும். மரணசாசனம் இருப்பின், மார்க்கச் சட்டப்படி அது மூன்றிலொரு பங்குக்கு மேற்படலாகாது. எஞ்சியதே வாரிசுகளுக்கு உரியது.

ஒருவர் மனைவியையும் ஒரு மகனையும் இரு பெண்மக்களையும் விட்டுக் காலமானார் என்றும், அவருடைய பெற்றோர் முன்னரே காலமாகிவிட்டனர் என்றும் வைத்துக்கொள்வோம். மனைவிக்கு எட்டிலொன்று. எஞ்சியதில் மகனுக்கு இரு மடங்கு, பெண்மக்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு மடங்கு. சொத்தை 32 கூறாக்கினால், தாய்க்கு 4, மகனுக்கு 14, பெண்மக்களுக்கு ஏழேழு கூறுகளாகும். துணிப்பையில் உள்ள காசுகள் உண்மையில் 3,20,000 ரூபா பெறும் என்று கொள்வோம். தாய்க்கு 40,000 ரூபாவும், பெண்மக்கள் ஒவ்வொருவருக்கும் 70,000 ரூபாவும் உரியன. ஆனால் யாரோ ஒருவர் அவற்றை நிறைக்கு நிறையாக மதித்து, 32,000 ரூபா என்று கூறிவிட்டார். ‘காசை நானே வைத்துக்கொள்கிறேன், உங்கள் பங்கைப் பணமாகத் தருகிறேன்’ என்று மகன் நல்லெண்ணத்தோடு சொல்கின்றான். தாய்க்கு 4,000 ரூபாவும் சகோதரிகளுக்கு ஏழேழாயிரமும் கிடைக்கின்றன. தாய் 36,000 ரூபாவை இழந்தாள். சகோதரி ஒவ்வொருத்தியும் 63,000 ரூபாவை இழந்தாள். அங்கே எவரும் எவரையும் ஏமாற்ற எண்ணவில்லை. கூறுகளைக் கணக்கிட்டவரும் பிழை செய்யவில்லை. பிழை, கூறு போடுவதற்கு முன்னர் சொல்லப்பட்ட விலையில் இருந்தது.

முஸ்லிம் அல்லாத அயலவர் வீடுகளிலும் நிலைமை இதுவே. இப்பகுதித் தமிழர்க்குப் பொருந்தும் பொதுச் சட்டப்படி உயிரோடிருக்கும் கணவன் அல்லது மனைவிக்குப் பாதியும், பிள்ளைகளுக்குச் சமமாக மறு பாதியும் சேரும். பங்கு வேறுபடலாம், மதிப்புப் பிழையானால் நேரும் அநீதி வேறுபடாது.

ஆகவே, பங்கிடுவதற்கு முன்னர் மூன்று காரியங்கள் ஆக வேண்டும். முதலாவது பட்டியல். பையிலுள்ள ஒவ்வொரு காசுக்கும் இலக்கமிட்டு, இரு பக்கங்களையும் படமெடுத்து, நிறையையும் அளவையும் ஆண்டையும் எழுதி, வாரிசுகள் அனைவரும் ஒப்பமிட வேண்டும். நீதிமன்றத்தின் மூலம் நிருவாகம் செய்யப்படும் சொத்துக்கும் பொருட் பட்டியலும் மதிப்பும் கட்டாயமானவை. காசுகளை ஒன்றோடொன்று உராயவிடாமல், ஒவ்வொன்றையும் தனித்தனிக் கடதாசி உறையில் இடுதல் நன்று.

இரண்டாவது மதிப்பீடு. இங்கே ஒரு விதியை எவ்வகையிலும் மீறலாகாது. மதிப்பவர் வாங்குபவராக இருத்தல் கூடாது. ‘இது பெரிதாகப் பெறாது, ஆனாலும் உங்களுக்காக நான் எடுத்துக்கொள்கிறேன்’ என்று கூறும் வணிகரின் வாயிலிருந்து நியாயமான விலை வருதல் அரிது. கூலி பெற்றுக்கொண்டு மதிப்பை எழுத்தில் தரும் ஒருவரையே நாட வேண்டும், இயலுமாயின் இருவரை. பையில் நூறு காசுகள் இருந்தால், அவற்றுள் தொண்ணூறு சாதாரணமானவையாக இருக்கும். மதிப்பவரின் திறமை எஞ்சிய பத்தைக் கண்டெடுப்பதிலேதான் உள்ளது.

மூன்றாவது விற்பனை முறை. சாதாரணக் காசுகளை ஒன்றாகக் கட்டி விற்பதில் இழப்பில்லை. அரியவற்றைத் தனித்தனியே ஏலத்தில் விடுவதே முறை. ஏலம் விடுவோர் விற்பவரிடம் தரகு பெறுவர். வாங்குபவரிடமும் ஒரு மேலதிகத் தொகை அறவிடுவர். இவ்வீதங்களை முன்னரே எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். ‘இவ்விலைக்குக் குறைந்தால் விற்பதில்லை’ என்னும் அடிவிலையையும் மதிப்பீட்டின் துணைகொண்டு குறிக்க வேண்டும். அடிவிலை மிக உயர்ந்தால் கேட்பார் இல்லாமற் போவர். மிகத் தாழ்ந்தால் சொத்து அழியும். வாரிசு ஒருவர் ஒரு காசை நினைவுக்காக வைத்துக்கொள்ள விரும்பின், எழுதப்பட்ட மதிப்பை அவருடைய பங்கிற் கழித்துக்கொள்ளலாம்.

விற்பனைக்கு முன்னர் சட்டத்தையும் நோக்குதல் வேண்டும். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் சட்டம், நிலத்திலிருந்து கண்டெடுக்கப்படும் தொல்பொருள்களுக்கு அரசே உரிமையாளர் என்று கூறுகின்றது. தொல்பொருளை அனுமதிப் பத்திரமின்றி நாட்டுக்கு வெளியே அனுப்புதலும் குற்றமாகும். தமிழகத்திலுள்ளோர்க்கும் இத்தகைய கட்டுப்பாடு உண்டு. அங்கே 1878ஆம் ஆண்டின் புதையற் சட்டமும், 1972ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டமும் நடைமுறையிலுள்ளன. ஆதலால் பாட்டனார் கடையில் வாங்கிய காசுக்கும் வயலிற் பொறுக்கிய காசுக்கும் சட்டத்தின் கண்ணில் வேறுபாடு உண்டு. எது எவ்வாறு வந்தது என்பதைச் சொல்ல ஒரு குறிப்பேனும் இருந்தாலன்றி, வாரிசுகளுக்கு இடர் நேரும்.

விலை குறைந்த காசு எல்லா வகையிலும் பெறுமதி குறைந்ததாகாது என்பதையும் இங்கே கூறுதல் தகும். தமிழ்நாட்டிலே நாணய ஆய்வாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி 1980களில் ஒரு சிறு செப்புக் காசை ஆராய்ந்து, அதில் தமிழ்ப் பிராமி எழுத்திற் ‘பெருவழுதி’ என்னும் பெயர் பொறித்திருப்பதை வெளிப்படுத்தினார். சங்க இலக்கியத்திலே பெயர் மட்டும் கேட்ட பாண்டியர் குடிக்கு அன்று ஒரு கைப்பிடிச் சான்று கிடைத்தது. செப்பாக நிறுத்திருந்தால் அது சில சதங்களே பெற்றிருக்கும். அத்தகைய காசு ஒன்று கைக்கு வந்தால், அதனை நூதனசாலைக்கோ ஆய்வாளருக்கோ காட்டிப் படமேனும் பதிவுசெய்த பின்னரே விற்பனையைப் பற்றி நினைத்தல் அறிவுடைமையாகும்.

இவ்வளவும் வாரிசுகளின் கடமைகள். ஆயினும், இவற்றை எளிதாக்கும் வழி சேர்த்து வைப்பவரின் கையிலேதான் இருக்கின்றது. வேண்டுவது ஒரு கொப்பியும் ஒரு பேனாவுமே. காசின் இலக்கம், அது இன்னதென்னும் விவரம், வாங்கிய நாள், வாங்கிய இடம், கொடுத்த விலை ஆகிய ஐந்தையும் ஒவ்வொரு காசுக்கும் ஒரு வரியில் எழுதிவிடலாம். விற்க நேர்ந்தால் யாரை நம்பி நாடலாம் என்பதைக் கடைசிப் பக்கத்தில் எழுதலாம். அக்கொப்பியின் பிரதியொன்று வேறொரு வீட்டில் இருத்தல் நன்று. 1978ஆம் ஆண்டு நவம்பர்ச் சூறாவளியையும், 2004ஆம் ஆண்டு திசெம்பர் ஆழிப்பேரலையையும் கண்ட கிழக்குக் கரையோர மக்களுக்கு, பெட்டகமும் அதனுள் இருந்த காகிதமும் ஒருசேர அள்ளுண்டு போவது எவ்வாறென்று எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

காசைச் சேர்ப்போர் பலர் அதனை வீட்டாருக்குக் காட்டுவதில்லை. பணத்தை வீணாக்கியதாகக் குறை கூறுவர் என்னும் அச்சம் ஒரு காரணம். பிள்ளைகள் எடுத்துச் செலவழித்துவிடுவர் என்னும் அச்சம் மற்றொரு காரணம். அதன் பயனாக அவர் தேடிய பொருள் வீட்டில் தங்குகின்றது. தேடிய அறிவு அவரோடு மண்ணுக்குள் மறைகின்றது. பொருளுக்கு வாரிசைச் சட்டம் நியமிக்கும். அறிவுக்கு வாரிசை அவரே நியமிக்க வேண்டும். விடுமுறை நாளொன்றில் மகனையும் மகளையும் அருகிலமர்த்தி, துணிப்பையை அவிழ்த்து, ‘இது லாரின், இது ஒல்லாந்தர் துட்டு, இந்தப் பவுணின் அடியில் உள்ள எழுத்தைப் பார்’ என்று ஒருமுறை சொல்லிக் கொடுத்துவிட்டால், பின்னொரு நாள் பாய் விரித்து அமரும் உறவினரிடையே அப்பிள்ளைகளின் பங்கு குறையாமல் இருக்கும்.